பாம்பின் ஊணும் உறையுளும்



சேலம் நகரிலிருந்து வடக்கே நோக்கினால் வானத்தை மறித்து நிற்பது சேர்வராயன் மலை. அதன் மேல் சுமார் ஆயிரத்து ஐந்நூறு மீட்டர் உயரத்தில் ஏற்காடு இருக்கிறது. காப்பித் தோட்டங்களையும் ஏரியையும் பனியையும் காண ஆண்டுதோறும் பல்லாயிரம் பேர் அங்கே செல்கிறார்கள். நான் இன்று சொல்லப் போவது அந்த மலையின் அழகைப் பற்றியன்று. அந்த மலையடிவாரத்தில் ஒரு பள்ளியில் நான் செய்த பிழையைப் பற்றியும், அப்பிழையை உணர்ந்துகொள்ள நான் படித்த வரலாற்றைப் பற்றியும் சொல்ல விரும்புகிறேன்.

1989-ஆம் ஆண்டு. நான் அப்பொழுது இளம் அறிவியல் ஆசிரியன். எட்டாம் வகுப்பு மாணவன் ஒருவன் ஒருநாள் காலை பிஸ்கட் தகரப் பெட்டி ஒன்றைக் கொண்டுவந்து என் மேசைமேல் வைத்தான். உள்ளே ஒரு மண்ணுளிப் பாம்பு. தடித்த, பழுப்பு நிற உடல்; தலை எது, வால் எது என்று உடனே சொல்ல முடியாத வடிவம். அதனால்தான் நம் மக்கள் அதை இருதலைப் பாம்பு என்றும் அழைக்கிறார்கள். நஞ்சில்லாத பாம்பு என்பதை நான் அறிவேன். பாடத்திற்குப் பயன்படும் என்று எண்ணி, பழைய மீன்தொட்டி ஒன்றில் அதை இட்டு, எல்லோரும் காணும்படி சன்னல் ஓரத்தில் வைத்தோம். ஒரு கிண்ணத்தில் பாலும் ஊற்றி வைத்தோம். பாம்பு பாலைத் தொடவில்லை. பன்னிரண்டாம் நாள், பங்குனி வெயில் சன்னல் வழியே நேரே விழுந்த ஒரு பிற்பகலில் அது இறந்துவிட்டது.

அந்த மாணவன் என்னிடம் வந்து, "ஐயா, அது பட்டினியால்தான் செத்ததா?" என்று கேட்டான். நான், "ஆம், அப்படித்தான் இருக்கும்" என்று சொல்லிவிட்டேன். அந்த விடை தவறு. எவ்வாறு தவறு என்பதை அறிந்துகொள்ள எனக்குப் பல ஆண்டுகள் பிடித்தன.

மண்ணுளிப் பாம்பு எவ்வினத்தைச் சேர்ந்தது என்பதை முதலில் காண்போம். அமெரிக்கக் கண்டத்தின் வெப்பக் காடுகளில் 'போவா' என்னும் பெரும்பாம்பு வாழ்கிறது. சுவீடன் நாட்டு அறிஞர் லின்னேயஸ் 1758-ஆம் ஆண்டில் அதற்கு முறையான பெயர் இட்டார். அது தன் இரையைச் சுற்றி இறுக்கிக் கொன்று விழுங்கும். நம் நாட்டு மலைப்பாம்பும் அவ்வாறே செய்யும். பழந்தமிழ் நூல்கள் மாசுணம் என்று சொல்வது அதைத்தான். எனினும் மலைப்பாம்பு போவா அன்று. மலைப்பாம்பு முட்டையிடும், போவா குட்டி போடும். நம் மண்ணுளிப் பாம்பும் குட்டி போடுவதே. உருவில் சிறியதாயினும் அது போவாவின் உறவு. ஆகவே போவாவைக் காண அமேசான் ஆற்றுக்குச் செல்ல வேண்டியதில்லை. சேலத்துப் புன்செய் வரப்பிலேயே காணலாம்.

இந்த உறவை உலகுக்கு அறிவித்த வரலாற்றில் தமிழ்நாட்டிற்கும் ஓர் இடம் உண்டு. கிழக்கிந்தியக் கம்பெனியின் பணியில் இருந்த பாட்ரிக் ரஸ்ஸல் என்னும் மருத்துவர், சோழமண்டலக் கரையில் தாம் திரட்டிய பாம்புகளைப் பற்றி 1796-இல் வண்ணப் படங்களோடு ஒரு பெருநூல் வெளியிட்டார். பின்னர் 1801-இல் நம் மண்ணுளிப் பாம்பை விவரித்தபோது, அதற்குப் 'போவா ஜானி' என்று பெயர் சூட்டினார். அந்த ஜான் யார்? தரங்கம்பாடியில் 1771 முதல் 1813-இல் காலமாகும் வரை வாழ்ந்த கிறிஸ்டோஃப் சாமுவேல் ஜான் என்ற ஜெர்மானியப் பாதிரியார். அவர் பள்ளி நடத்தியவர். ஓய்வு நேரங்களில் மீன்களையும் சிப்பிகளையும் பாம்புகளையும் சேகரித்து ஐரோப்பிய அறிஞர்களுக்கு அனுப்பியவர். நம் கடற்கரையில் விற்கும் கத்தாளை மீனின் ஓர் இனத்தொகுதிக்கும் அவர் பெயரே வழங்குகிறது. ஓர் ஆசிரியரின் பெயர் ஒரு பாம்பிற்கு அமைந்தது எனக்கு மகிழ்ச்சி தருவதுண்டு. அதே பாம்பை மற்றோர் ஆசிரியன் கொன்றான் என்பது நினைவுக்கு வரும்போது அந்த மகிழ்ச்சி குறைந்துவிடும்.

மனிதன் பாம்பை வளர்க்கத் தொடங்கியபோது அதற்குத் தந்த முதல் வீடு கூடை. பாம்பாட்டியின் வட்டக் கூடையை நம் முன்னோர் அனைவரும் கண்டிருக்கிறார்கள். இருட்டாகவும் ஒடுக்கமாகவும் இருப்பதால், ஒளிந்து கிடக்க விரும்பும் பாம்பிற்குக் கூடை ஓரளவு ஏற்றதே. ஆனால் அதில் நடமாட இடமில்லை, நீர் இல்லை, வேண்டிய வெப்பத்தைத் தேடிச் செல்ல வழியில்லை. மேலும், கூடைக்குள் இருந்த மண்ணுளிப் பாம்பிற்கு வேறொரு கொடுமையும் நேர்ந்தது. இரண்டு தலை இருப்பதாகக் காட்டிக் காசு பெறுவதற்காக, அதன் மொட்டை வாலில் கண்ணும் வாயும் போலத் தோன்றும்படி வடு உண்டாக்கியவர்கள் இருந்தார்கள்.

பாலும் இந்தக் கூடையோடு வந்த கதையே. பாம்பு பாலூட்டி அன்று. பால் அதன் இயற்கையுணவும் அன்று. நீரின்றிப் பல நாள் வைத்திருந்த பாம்பு, தாகம் தாங்காமல் எதிரே இருக்கும் பாலைக் குடிக்கும். காண்பவர் அதை விருப்பம் என்று எண்ணுவார். உண்மையில் அது தவிப்பு. செரிக்காத பாலால் அதற்குக் கேடே விளையும். புற்றுக்குப் பால் வார்ப்பவரின் பக்தியை நான் குறை கூறவில்லை. உயிரைக் காக்க வேண்டும் என்னும் நல்லெண்ணத்திலிருந்தே அவ்வழக்கம் பிறந்திருக்கும். ஆனால் வளர்ப்பவன் வழிபாட்டையும் உணவு முறையையும் ஒன்றாக்கிவிடக் கூடாது. நான் அவ்வாறு ஆக்கிவிட்டேன்.

இரண்டாவது வீடு கண்ணாடி. 1849-ஆம் ஆண்டில் இலண்டன் விலங்குக்காட்சிச் சாலையில் ஊர்வனவற்றுக்கென்றே ஒரு தனி இல்லம் திறக்கப்பட்டது. உலகில் பொதுமக்கள் காண அமைந்த அவ்வகை இல்லங்களுள் அதுவே முதலாவது. வெப்ப நாட்டுப் பாம்புகளுக்குக் குளிர்நாட்டில் எவ்வாறு கதகதப்பு அளிப்பது என்பது அங்கே பெரிய கேள்வியாயிற்று. போர்வை கொடுத்தார்கள். 1850-இல் அங்கிருந்த ஒரு பெரும்பாம்பு அந்தப் போர்வையையே விழுங்கிவிட்டது! சில வாரங்கள் வயிற்றில் வைத்திருந்து பின்னர் கக்கியது. இதைக் கேட்டுச் சிரிக்கத் தோன்றும். ஆயினும் அதில் பாடம் இருக்கிறது. போர்வை நம்மைச் சூடாக்குவது, நம் உடலே வெப்பத்தை உண்டாக்குவதால்தான். அந்த வெப்பத்தை வெளியே விடாமல் போர்வை காக்கிறது. பாம்பின் உடலோ தன் வெப்பத்தைத் தானே போதிய அளவு உண்டாக்கிக்கொள்வதில்லை. அதற்குப் போர்த்துவதால் பயன் என்ன? வெப்பம் வெளியிலிருந்து வர வேண்டும்.

அதுமட்டும் போதாது. வெப்பம் மிகுந்தால் விலகிச் செல்லவும் இடம் வேண்டும். வெயிலில் சற்று நேரம், நிழலில் சற்று நேரம் என்று இடம் மாறி மாறியே பாம்பு தன் உடலைச் சமன் செய்துகொள்கிறது. இதை நம் மலையைக் கொண்டே விளக்குகிறேன். சேலம் கடல்மட்டத்திலிருந்து முந்நூறு மீட்டருக்குச் சற்றுக் குறைந்த உயரத்தில் இருக்கிறது. ஏற்காடு ஆயிரத்து ஐந்நூறில் இருக்கிறது. ஆயிரம் மீட்டர் ஏறினால் வெப்பம் ஏறத்தாழ ஆறரை டிகிரி குறையும் என்று புவியியலில் படித்திருப்பீர்கள். ஆகவே அடிவாரத்திற்கும் ஊருக்கும் ஏழு, எட்டு டிகிரி வேறுபாடு உண்டு. ஒரு போவாவின் பெட்டியிலும் ஏறத்தாழ அவ்வளவு வேறுபாடு வேண்டும்: ஒரு முனை 31, 32 டிகிரி செல்சியஸ், மறுமுனை 25, 26 டிகிரி. பெட்டியின் ஒரு கோடி சேலமாகவும் மறுகோடி ஏற்காடாகவும் இருக்க வேண்டும் என்று நினைவில் கொள்ளுங்கள். பாம்பு எந்த ஊரில் எப்போது இருக்க வேண்டும் என்பதை அதுவே முடிவு செய்துகொள்ளும்.

இன்றைய காட்சிச் சாலைகள் மேலும் சில விதிகளைக் கடைப்பிடிக்கின்றன. பாம்பு உடலை நீட்டிக் கிடக்கும் அளவிற்கேனும் பெட்டி நீளமாக இருக்க வேண்டும். முழுவளர்ச்சி பெற்ற அமெரிக்கப் போவா ஆண் பெரும்பாலும் ஆறு முதல் எட்டு அடி இருக்கும். பெண் அதனினும் பெரியது. இரு முனைகளிலும் ஒளிந்துகொள்ள ஒவ்வொரு மறைவிடம் வேண்டும். நீர்க்கிண்ணம் கவிழாத கனத்தோடு இருக்க வேண்டும். காற்றோட்டம் வேண்டும். மூடிக்குப் பூட்டு வேண்டும். பாம்பு மூடியைத் தலையால் முட்டித் திறக்கும் வலிமை உடையது. ஒரு பெட்டிக்கு ஒரு பாம்பே நன்று. மண்ணுளியாக இருந்தால், உடல் மறையுமளவு தளர்ந்த மண்ணும் இன்றியமையாதது.

இனி ஊணுக்கு வருவோம். நாம் நாளுக்கு மூன்று வேளை உண்பவர்கள். ஆதலால் பாம்பும் நாள்தோறும் உண்ண வேண்டும் என்று நினைக்கிறோம். உணவில் பெரும் பகுதியை நாம் உடல் வெப்பத்திற்கே செலவிடுகிறோம். அந்தச் செலவு பாம்பிற்கு இல்லை. முழுவளர்ச்சி பெற்ற ஆண் போவாவிற்கு மூன்று அல்லது நான்கு வாரங்களுக்கு ஒருமுறை ஓர் எலி போதுமானது. அந்த எலியும் பாம்பின் உடலில் மிகப் பருத்த இடத்தைவிடப் பருமனாக இருக்கலாகாது. உயிருள்ள எலி பாம்பைக் கடித்துப் புண்ணாக்கிவிடும். ஆகையால் காட்சிச் சாலைகளில் இறந்த எலியையே கொடுக்கிறார்கள். உண்ட பின் இரண்டு நாளேனும் அதைத் தொடாமல் விட வேண்டும். உண்ட உடலுக்கு வெப்பம் கிடைக்காவிட்டால் இரை செரிக்காமல் அழுகும்; பாம்பு அதைக் கக்கிவிடும். பாருங்கள், ஊணும் இறுதியில் உறையுளையே சார்ந்திருக்கிறது!

ஆண் பாம்பிடம் ஒரு தனிப் பண்பு உண்டு. அதன் கழிவாயின் இரு புறமும் நகம் போன்ற இரு முட்கள் இருக்கும். பாம்பின் மூதாதையருக்கு இருந்த பின்னங்கால்களின் எச்சங்கள் அவை. பெண்ணைக் காட்டிலும் ஆணுக்குப் பெரியனவாக இருக்கும். இனப்பெருக்கக் காலம் வந்ததும் ஆண் போவா பல வாரங்கள், சில வேளைகளில் மாதக்கணக்கில், உணவை மறுத்துவிடும். அறியாதவர்கள் அஞ்சி, வாயைப் பிளந்து இரையைத் திணிப்பார்கள். உணவை மறுப்பது அங்கே நோயன்று, இயல்பு. அளவு மீறி ஊட்டுவதே உடலைக் கொழுக்க வைத்து ஆயுளைக் குறைக்கும். அளவறிந்து ஊட்டிய ஒரு போவா அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியா காட்சிச் சாலையில் நாற்பது ஆண்டுகளுக்குமேல் வாழ்ந்து 1977-இல் இறந்தது.

மூன்றாவது வீடு நம் தமிழ்நாட்டிலேயே உருவானது. அது பானை. செங்கற்பட்டு வட்டாரத்து இருளர் மக்கள் வழிவழியாகப் பாம்பு பிடிப்பதில் வல்லவர்கள். ஒரு காலத்தில் தோல் வணிகத்திற்காக அவர்கள் பாம்புகளைப் பிடித்துக் கொடுத்து வந்தார்கள். 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும், அதனைத் தொடர்ந்த தடைகளும் அத்தொழிலுக்கு முடிவு கட்டின. அதே 1972-இல் சென்னை கிண்டியில் பாம்புப் பண்ணை அமைந்தது. அதை நிறுவிய ராமுலஸ் விட்டேக்கர், இருளர்களின் அறிவு வீணாகலாகாது என்று கருதினார். அவரும் இருளர்களும் சேர்ந்து முயன்றதன் பயனாக 1978-இல் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் தோன்றியது. வடநெம்மேலியில் இச்சங்கம் நஞ்சு எடுக்கிறது. பாம்புக்கடிக்கு மருந்து செய்ய அந்நஞ்சு பயன்படுகிறது. சங்கத்தைச் சேர்ந்த மாசி சடையன், வடிவேல் கோபால் ஆகிய இருவருக்கும் 2023-இல் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது.

அங்கே நஞ்சுப் பாம்புகள் மண்பானைகளில் வைக்கப்படுகின்றன. பானையில் சிறிது மணல். வாயில் கட்டிய துணி. பானையின் நுண்துளைகள் குளுமை தரும். உள்ளே இருள் இருக்கும். துணி வழியே காற்று புகும். ஏறத்தாழ மூன்று, நான்கு வாரங்களில் நான்கு முறை நஞ்சு எடுத்த பின், வயிற்றுச் செதிலில் ஓர் அடையாளமிட்டு, பாம்பை மீண்டும் காட்டில் விட்டுவிடுகிறார்கள். எளிய பானைதான், ஆயினும் அதில் இரண்டு அறிவுகள் அடங்கியிருக்கின்றன. பாம்பிற்கு வேண்டியது காட்சிக்குரிய ஒளியன்று, மறைவு என்பது ஒன்று. பாம்பின் சிறை குறுகிய காலமாகவே இருத்தல் வேண்டும் என்பது மற்றொன்று.

இவ்வளவும் கேட்ட பின், "நாங்களும் ஒரு பாம்பு வளர்க்கலாமா?" என்று உங்களுள் சிலர் கேட்கக்கூடும். நம் நாட்டுப் பாம்பைப் பிடிப்பதும் வீட்டில் வைத்திருப்பதும் சட்டப்படி குற்றம். மண்ணுளிக்கும் இது பொருந்தும். அயல்நாட்டுப் போவாக்கள் பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டு உடன்படிக்கையின் பட்டியலில் உள்ளவை. 2022-இல் திருத்தப்பட்ட சட்டமும் 2024-இல் வந்த விதிகளும், அவ்வகை உயிர்களை வைத்திருப்போர் அரசிடம் பதிவு செய்ய வேண்டும் என்கின்றன. வெளிநாட்டிலிருந்து பெட்டிக்குள் ஒளித்துப் பாம்பு கொண்டுவருவோர் விமான நிலையங்களில் பிடிபடும் செய்திகளை நீங்கள் படித்திருப்பீர்கள். அவ்வகைப் பயணத்தில் அந்தப் பாம்புகளுக்குக் கூடையும் இல்லை, பானையும் இல்லை; துணிப்பையே வீடு.

நம் மண்ணுளிக்கு வந்திருக்கும் துன்பமோ பொய்களால் வந்தது. அது நக்கினால் தொழுநோய் வரும் என்று ஒரு பொய். தொழுநோய் கிருமியால் வருவது, பாம்பால் வருவதன்று. ஆறு மாதம் ஒரு தலையாலும் ஆறு மாதம் மறு தலையாலும் ஊரும் என்று ஒரு பொய். எடை மிகுந்த பாம்பு இலட்சக்கணக்கில் விலை போகும், அதில் அரிய மருந்து இருக்கிறது என்பது பொய்களிலெல்லாம் கொடியது. இந்தக் கடைசிப் பொய்யை நம்பித் தோட்டந்தோறும் மண்ணைத் தோண்டுவோர் இருக்கிறார்கள். வாங்குவோரும் ஏமாறுகிறார்கள், விற்போரும் சிறை செல்கிறார்கள், எலிகளைத் தின்று உழவனுக்கு உதவிய பாம்பும் மடிகிறது.

சேர்வராயன் மலைமேல் வாழும் இன்னொரு பாம்பைப் பற்றிச் சொல்லி முடிக்கிறேன். ஈரமான மண்ணுக்குள் மண்புழுவைத் தின்று வாழும் கேடயவால் பாம்பு அது. சென்னை மாகாணத்தில் பணியாற்றிய மருத்துவர் ஜான் ஷார்ட் என்பவரின் பெயரை அதற்கு 1863-இல் பெட்டோம் என்னும் அறிஞர் சூட்டினார். அந்த ஷார்ட் தம் இறுதிக் காலத்தை ஏற்காட்டிலேயே கழித்தவர். நெடுங்காலம் வேறோர் இனத்தோடு சேர்த்து எண்ணப்பட்ட அப்பாம்பு, தனி இனமே என்று 2014-இல் மீண்டும் நிலைநாட்டப்பட்டது. அது சேர்வராயன் மலைக்கே உரியது. எத்தனை நாடுகள் தேடினாலும் அதற்கு வேறு வீடு இல்லை. காட்டு மண்ணின் நிழலும் ஈரமும் போய்விட்டால், அதற்கு எந்தக் கண்ணாடிப் பெட்டியும் ஈடாகாது.

இப்பொழுது அந்த மாணவனின் கேள்விக்கு வருகிறேன். அவன் இன்று நடுவயது மனிதன். எங்கிருக்கிறான் என்று அறியேன். ஒருவேளை கேட்டுக்கொண்டிருந்தால் அவனுக்குச் சொல்கிறேன்: தம்பி, அந்தப் பாம்பு பட்டினியால் சாகவில்லை. பன்னிரண்டு நாள் உண்ணாமை அதற்குப் பெரிதன்று. வெயில் விழும் கண்ணாடிக்குள், ஒதுங்க ஒரு நிழலும் புதைய ஒரு பிடி மண்ணும் இன்றி அது வெந்து இறந்தது. எதை உண்ணும் என்று நான் கவலைப்பட்டேன். எங்கே இருக்கும் என்று எண்ணிப் பார்க்கவில்லை. உனக்கு அன்று நான் சொன்ன விடையைத் திருத்திக்கொள்.

மாணவர்களே, ஏற்காட்டிற்குச் செல்லும் வழியிலோ உங்கள் ஊர் வயலிலோ ஒரு மண்ணுளியைக் கண்டால் நின்று பாருங்கள், தொடாதீர்கள். வீட்டுக்குள் வந்துவிட்டால் வனத்துறைக்கோ தீயணைப்பு நிலையத்திற்கோ சொல்லி அனுப்புங்கள். மற்றபடி அது தன் போக்கில் மண்ணுக்குள் செல்லட்டும். கூடையும் பானையும் கண்ணாடியும் நாம் செய்தவை. அதன் வீடு அதற்கு முன்பே அங்கே இருக்கிறது.